பூசை நேரத்து நாதஸ்வரம்

ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற புருஷனை நம்பும் பெண்பிள்ளை உலகத்தில் வேறெங்காவது இருக்கலாம், பிரிக்பீல்ட்ஸில் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மகளின் தலையில் வெள்ளை முக்காட்டைக் குத்திக்கொண்டிருந்த உர்சுலா, வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுக்காமலேயே புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். டொமினிக் வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டு, டை கட்டி, சப்பாத்துக்குப் பாலிஷ்கூடப் போட்டிருந்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கால்கள் மட்டும் வாசலைப் பார்த்து நின்றன.

"நேத்து ராத்திரி லைட் ரெண்டு தடவ மின்னிச்சு. கம்ப்யூட்டர் ஓடுதா, செத்துப் போச்சான்னு ஒரு எட்டு பாத்துட்டு நேரா கோயிலுக்கே வந்துர்றேன் லா. அஞ்சே நிமிஷம்."

உர்சுலா ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். "பிள்ளையோட பொறந்தநாளுக்கு நீங்க இல்ல. ஸ்கூல் கான்செர்ட்டுக்கு இல்ல. இன்னிக்கு அவளுக்குப் புதுநன்மை. இதுக்கும் வரலன்னா வீட்டுப் பக்கம் வராதீங்க. அந்த மெஷின்கிட்டயே சோறு கேட்டுச் சாப்பிட்டுக்கிட்டு அங்கயே இருங்க."

மகள் மார்க்கிரட்டுக்கு ஒன்பது வயது. மாதாகோயில் பூசையில் அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிற நாள் அது. அப்பா அம்மா சண்டையில் தலையிடக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் டொமினிக் செருப்பு வைக்கும் பலகையைத் தாண்டும்போது மெதுவாகச் சொன்னாள்: "முன்னாடி ரெண்டாவது பெஞ்சுப்பா. நம்ம பேர் ஒட்டியிருக்காங்க. நான் நன்மை வாங்கப் போறப்ப நீங்க இந்தப் பக்கம், அம்மா அந்தப் பக்கம் நடக்கணும்." வலது கையை நீட்டிக் காட்டினாள். ஒத்திகையின்போது அந்தப் பக்கம் காலியாக இருந்தது. டொமினிக் அதற்கும் போகவில்லை.

அந்த மெஷின் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் டொமினிக்கைக் கிறுக்கன் என்று நினைத்துவிடுவீர்கள். சொன்ன பிறகும் நினைக்கலாம். அது உங்கள் விருப்பம்.

கிள்ளானில் கேசட் கடை வைத்திருந்த நாகையா அண்ணன் பக்திப் பாட்டுகளைப் பதிவு செய்து விற்கிறவர். அதற்காகவே பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்து, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, டொமினிக்கை உட்கார வைத்திருந்தார். இந்தத் தடவை அவருக்கு நாதஸ்வரம் வேண்டும். ஆனால் ஊரில் இருந்த நல்ல நாதஸ்வரக்காரர்கள் எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து இந்துக் கோயில்களின் வேலை பெர்மிட்டில் வந்தவர்கள். கோயிலை விட்டு வெளியே வாசித்தால் பெர்மிட் போய்விடும் என்று பயந்து ஒருவரும் வரவில்லை. "அதனால என்னப்பா, நீதான் கீபோர்ட்ல எல்லாம் வாசிப்பியே, நாதஸ்வரம் ஒண்ணு பண்ணு" என்றார் நாகையா அண்ணன், சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் ஆர்டர் சொல்வதுபோல. கீபோர்டில் ஏற்கெனவே இருந்த ஊதல் சத்தங்களை டொமினிக் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். எல்லாம் சளி பிடித்த மாதிரி இருந்தன.

அது தொண்ணூற்றொன்பதாம் வருடம். கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு சிடி ஒன்றை ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். அப்படி வந்த ஒரு சிடியில்தான் அந்தப் புரோகிராம் இருந்தது. திறந்தால் திரை முழுக்கக் குமிழ்கள். பழைய காலத்து சிந்தசைசரை அப்படியே படமாக வரைந்து வைத்த மாதிரி. கையால் திருக முடியாது. மவுஸ் என்கிற எலியால் குமிழைப் பிடித்து மேலும் கீழுமாக இழுக்க வேண்டும். வட்டமாகத் திருகப் பார்த்தால் ஒரே குதியாகக் குதித்து எங்கோ போய் நிற்கும். முதல் வரிசைக் குமிழ்கள் சத்தத்தைப் பிறப்பிக்கும். அந்தச் சத்தம் ரம்பம் அறுக்கிற மாதிரி பச்சையாக இருக்கும். அடுத்த வரிசை அதைச் சலித்தெடுக்கும், அங்கேதான் ஃபில்டர். ஃபில்டரை மூடினால் சத்தம் போர்வைக்குள் போய்விடும், திறந்தால் காதைக் கிழிக்கும், நடுவில் ஏதோ ஓர் இடத்தில் மூக்கால் பேச ஆரம்பிக்கும். கடைசி வரிசை, சத்தம் எப்படி எழ வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்று சொல்லும்.

டொமினிக் கிறிஸ்தவன். நாதஸ்வரத்தை அவன் கிட்டத்தில் இருந்து பார்த்ததில்லை. மற்றவர் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போய், சாப்பிட உட்காராமல் மண்டபத்து ஓரத்தில் நின்று கேட்டதுதான். அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் குமிழ்களை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினான். ஒரு மத்தியானம், யாரும் இல்லாத அறையில், சீவாளியில் எச்சில் ஊறிய மாதிரி ஒரு சத்தம் ஸ்பீக்கரிலிருந்து எழுந்து நின்றது. வாழ்க்கையில் அவனாக உண்டாக்கியது என்று மகளைத் தவிர அவனுக்கு வேறொன்றும் இருக்கவில்லை. இப்போது இரண்டாவதாக ஒன்று இருந்தது.

இங்கேதான் வந்தது வினை. பத்திரிகையோடு சும்மா வந்த புரோகிராம் அது. எதையும் சேமிக்க விடாது. மூடினால் எல்லாக் குமிழும் பழைய இடத்துக்கே போய்விடும். குமிழ்களில் நம்பர் கிடையாது. திரையைப் படமாக அச்சடித்தும் பார்த்தான். அந்தப் படத்தைப் பார்த்து வேறொரு கம்ப்யூட்டரில் வைத்தபோது வந்தது வாத்துச் சத்தம். முழுப் புரோகிராமை வாங்குவதென்றால் கிரெடிட் கார்ட் நம்பரை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். கார்டு என்றாலே நாகையா அண்ணன் பாம்பைக் கண்ட மாதிரி ஒதுங்குவார். இது போதாதென்று, அரை மணி நேரம் ஒன்றும் வாசிக்காமல் விட்டால் புரோகிராம் தானாகவே மூடிக்கொள்ளும். ஆகவே டொமினிக் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தி, இடுக்கில் தீப்பெட்டி அட்டையைச் செருகிவிட்டான். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுவார்களே, அந்த மாதிரி ஒரே சுரம் இரவும் பகலும் மாடியில் முனகிக்கொண்டே இருந்தது. பாட்டுக்காரர் திங்கட்கிழமை வருவார். அதுவரைக்கும் அது சாகக்கூடாது.

இதுதான் மெஷின். இதற்காகத்தான் அவன் புதுநன்மை நாளில் மாடிப்படி ஏறினான்.

படியின் உச்சியில் இரும்புக் கிரில் கதவு. பூட்டைத் திறந்து, சாவியோடு அப்படியே கிரில்லில் மாட்டித் தொங்கவிட்டான். எல்லாரும் செய்வதுதான். உள்ளே கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தது. முனகல் கேட்டது. அத்தோடு திரும்பியிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. ஆனால் வந்தது வந்தோம் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே ஒரு தடவை மோகனத்தில் ஒரு சுற்று வாசித்துப் பார்த்தான். ஹெட்போனைக் கழற்றியபோது கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து ஓடினான்.

கிரில் பூட்டியிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் நாகையா அண்ணன் மைக் ஒன்றை எடுக்க வந்தார். கிரில் திறந்து கிடந்தது. பூட்டும் சாவியும் தொங்கின. முனகல் கேட்டது. முனகல்தான் எந்நேரமும் கேட்கிறதே, அதை வைத்து உள்ளே ஆள் இருப்பதாக யார் நினைப்பார்கள்? படிப்பக்க அலமாரியிலேயே மைக் இருந்ததால் அவர் உள் அறைக்கு வரவில்லை. 'மறுபடியும் தொறந்து போட்டுட்டுப் போயிட்டான்' என்று திட்டிக்கொண்டே பூட்டி, அவனுக்குப் புத்தி வரட்டும் என்று சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல மனுஷன். கெடுதல் நினைக்காதவர். அப்படிப்பட்டவர்கள் பூட்டுகிற பூட்டுதான் லேசில் திறக்காது.

டொமினிக் கிரில்லைப் பிடித்து ஆட்டினான். தோளால் முட்டினான். வெள்ளைச் சட்டையின் மார்பில் துருக் கோடு கோடாக இறங்கியது. அறையில் போன் இல்லை. மணி அடித்தால் பதிவில் விழும் என்று அவனேதான் வேண்டாம் என்று சொல்லியிருந்தான். முன்பக்க ஜன்னலைப் பலகை வைத்து அடித்துப் பஞ்சு ஒட்டியாயிற்று. மிச்சம் இருந்தது பின்பக்க ஜன்னல். அதிலும் கம்பி.

முதலில் படிவழியாகக் கீழே கத்தினான். கீழே பூக்கடை வைத்திருக்கும் வீரம்மாவின் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. "வீரம்மாக்கா! அக்கா! என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க! காப்பாத்துங்கக்கா!"

ரேடியோ சத்தம் குறைந்தது. டொமினிக்குக்கு மூச்சு வந்தது.

"கேக்குதுடா!" என்றாள் வீரம்மா கீழிருந்து. "நல்லாத்தான் கத்துற! ஒரு தடவ ஏமாந்துட்டேன், மறுபடி ஏமாற நான் என்ன மடச்சியா? போடா!" ரேடியோ முன்னிலும் பலமாகப் பாடியது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் நாகையா அண்ணன் பேய் நாடக கேசட் ஒன்று பதிவு செய்தார். குரல் கொடுக்க வேண்டியவன் வராததால் டொமினிக்கே 'காப்பாத்துங்க, காப்பாத்துங்க' என்று நாள் பூராவும் அலறினான். வீரம்மா தேங்காய் வெட்டும் கத்தியோடு படியேறி ஓடி வந்தாள். வந்தவளைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் டொமினிக்கும் ஒருவன்.

பின்பக்க ஜன்னலுக்கு ஓடினான். கீழே சந்து. சந்துக்கு அப்பால் கார்த்திகேசு அங்கிளின் வீடு. அதற்குப் பின்னால் ஒரு கல் எறிகிற தூரத்தில் கோயிலின் பக்கச் சுவர், திறந்திருந்த நீள நீள ஜன்னல்கள். வருகைப் பாட்டு அப்படியே காதில் விழுந்தது. பிள்ளைகள் வரிசையாக உள்ளே போகிறார்கள். மார்க்கிரட் திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்திருப்பாள்.

கார்த்திகேசு வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரயில்வேயில் பெரிய கிளார்க்காக இருந்து பென்ஷன் வாங்கியவர்.

"அங்கிள்! மேல பாருங்க அங்கிள்! கிரில்ல பூட்டிட்டாங்க! எம் பொண்ணுக்குப் புதுநன்மை!"

பேப்பர் தாழ்ந்தது. "ஞாயிற்றுக்கிழமையும் விடமாட்டீரோ தம்பி?" என்றார் அவர். "ரெண்டு கிழமைக்கு முன்னம் பேய். இந்தக் கிழமை என்ன நாடகம்? கொஞ்சம் நிப்பாட்டும், மனிசர் பேப்பர் படிக்க வேண்டாமே." நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

சொந்தக் குரல் செல்லாத காசாகிவிட்டது. டொமினிக் அறையைச் சுற்றிப் பார்த்தான். கம்ப்யூட்டர் நிம்மதியாக முனகிக்கொண்டிருந்தது. சரி, நீயே கத்து என்று ஸ்பீக்கர் இரண்டையும் வயர் எட்டும்வரை இழுத்து ஜன்னலில் வைத்து, வாயைச் சந்துப் பக்கம் திருப்பி, வால்யூமைக் கூட்டினான்.

வாசித்தான். கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் அவசரமாக ஊதுவார்களே, அப்படி ஊதினான். நின்று நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஊதினான். இப்படி ஒருத்தன் வாசித்தால் ஏதோ ஆபத்து என்று தெரியாதா? தெரியவில்லை. சந்தில் போன இரண்டு பெண்கள் நின்று, எந்த மண்டபத்தில் கல்யாணம் என்று பேசிக்கொண்டு போனார்கள். கீழே வீரம்மா ரேடியோவையே நிறுத்திவிட்டாள். பூக்கட்டிக்கொண்டு ரசித்துக் கேட்கிறாள் என்று புரிந்தது. ஒரு மாத உழைப்பு பலித்துவிட்டது. சத்தம் அவ்வளவு அசலாக இருந்தது. டொமினிக்குக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

வேறு சத்தம் வேண்டும். நாதஸ்வரமாக இல்லாத சத்தம். ஆனால் குமிழைத் தொட்டால் நாதஸ்வரம் போய்விடும். அவன் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கோயிலில் முதல் வாசகம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பிள்ளை மைக்கில் எழுத்துக் கூட்டி வாசித்தது. 'தொட்டுத் தொலை' என்று ஒரு மனசு சொன்னது. 'ஒரு மாசம்டா' என்று இன்னொரு மனசு சொன்னது. இரண்டும் அவனுடைய மனசுதான் என்பதுதான் கேவலம். மகள் அங்கே ஒரு பக்கம் காலியாக நிற்கப் போகிறாள், இவன் இங்கே குமிழுக்காக யோசிக்கிறான்.

அப்போதுதான் ஒரு குமிழ் கண்ணில் பட்டது. சத்தத்தை மேலும் கீழும் தானாக ஆட்டிவிடுகிற குமிழ். நாதஸ்வரத்துக்கு அசைவு கையிலிருந்து வர வேண்டும், மெஷினிலிருந்து வரக்கூடாது என்று அவன் அதை முழுக்க இடது பக்கம் மூடி வைத்திருந்தான். முழுக்க மூடிய குமிழ்! அதை எவ்வளவு திறந்தாலும் மறுபடி முட்டுகிற வரைக்கும் இழுத்தால் பழைய இடம். ஒரு மயிரிழைகூட மாறாது. பக்கத்தில் ஆட்டத்தின் வேகத்தைச் சொல்லும் குமிழ், அதுவும் மூடியே இருந்தது. காற்றிரைச்சல் குமிழும் அப்படியே. மூன்று கிடைத்தன. நாதஸ்வரமும் பிழைக்கும், அவனும் பிழைப்பான். இந்தப் புத்திசாலித்தனத்துக்காக அந்த நேரத்திலும் அவனுக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. மனிதன் எப்படிப்பட்ட பிறவி பாருங்கள்.

எலியைப் பிடித்து மேலே இழுத்தான். முனகிக்கொண்டிருந்த சுரம் மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி ஏறி, ஊளையிட்டது. வேகத்தைக் கூட்டினான். அச்சு அசல் போம்பா வண்டி. தீயணைப்பு வண்டியே சந்துக்குள் நுழைந்துவிட்ட மாதிரி ஜன்னல் கம்பி அதிர்ந்தது. காற்றிரைச்சலையும் திறந்துவிட்டான். சந்து முழுக்கத் தலைகள் முளைத்தன. கார்த்திகேசுகூடக் கதவைத் திறந்தார். எல்லாரும் ரோட்டைப் பார்த்தார்கள், வானத்தில் புகையைத் தேடினார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டொமினிக் கம்பிக்குள் கையை விட்டு ஆட்டினான், தொண்டை கிழியக் கத்தினான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. மெஷின் அதைத் தின்றுவிட்டது. கடைசியில் யாரோ ஜன்னலைக் காட்டி ஏதோ சொன்னார்கள். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் கை ஆட்டுவதையும் பார்த்தார்கள். சிரித்தார்கள். ஒருவன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். "நல்லா இருக்கு பாஸ்!" என்று வாயசைத்த மாதிரி இருந்தது. பிறகு கலைந்து போனார்கள்.

டொமினிக் இன்னும் வேகமாக்கினான். மெதுவாக்கினான். நிறுத்தி நிறுத்தி விட்டான். எவ்வளவு நேரம் அப்படிச் செய்தான் என்று அவனுக்குத் தெரியாது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. டை எங்கோ கிடந்தது. அறையின் பஞ்சுச் சுவர்கள் நெருக்கிக்கொண்டு வருவதுபோல இருந்தது. ஆறு வருடமாக அவன் விரும்பி வந்து உட்கார்ந்த அறை. வீட்டில் சத்தம், ரோட்டில் சத்தம், இங்கேதான் நிம்மதி என்று எத்தனை நாள் சொல்லியிருப்பான். இன்றைக்கு அதே அறையிலிருந்து வெளியே போக முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

திடீரென்று ஒன்று உறைத்தது. இந்தச் சத்தத்தில் பூசை எதுவரை வந்திருக்கிறது என்றே அவனுக்குக் கேட்கவில்லை. பாய்ந்துபோய் மூன்று குமிழ்களையும் முட்டும்வரை இழுத்து மூடினான். வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தான்.

பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். நன்மைப் பாட்டு. அதுவும் கடைசி அடி.

முடிந்துவிட்டது. அவள் நடந்து போய், வாய் திறந்து வாங்கி, திரும்பி வந்து முழங்காலில் நின்றுவிட்டாள். ஒரு பக்கம் உர்சுலா. ஒரு பக்கம் ஒன்றுமில்லை. டொமினிக் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து அழுதான். நாற்பது வயதை நெருங்குகிற ஆம்பளை, வாய்விட்டே அழுதான். வால்யூமைக் கூட்ட அவனுக்குத் தோன்றவில்லை. பாட்டு முடிந்து, பிள்ளைகள் மௌனமாகச் செபிக்கிற நேரம் வந்தது. சந்தில் ஒரு சத்தமும் இல்லை.

அந்த அமைதியில் படியில் காலடி கேட்டது.

"என்னடா, செத்துகித்துப் போயிட்டியா?" வீரம்மா மூச்சு வாங்க ஏறி வந்தாள். "பத்து நாளா அந்த வண்டுச் சத்தம் ஓயல. தூங்கி எந்திரிச்சாலும் காதுல அதான். இப்ப பொசுக்குன்னு நின்னா மனுசிக்கு பக்குன்னு இருக்காதா?" கிரில்லைப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள். உள்ளே நின்றவனின் முகத்தைப் பார்த்தாள். "அட பாவி, நெசமாவே பூட்டிட்டாங்களா?" என்று திரும்பி ஓடினாள். தேங்காய்க் கத்தியோடு வந்து, அதன் முதுகால் நாலு போடு போட்டாள். பூட்டு வாயைப் பிளந்தது.

டொமினிக் நன்றிகூடச் சொல்லவில்லை. சந்து வழியாக ஓடினான்.

கோயில் முற்றத்தில் பிள்ளைகள் மெழுகுதிரியோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். உர்சுலா நீலச் சேலையில், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அவள் வாயில் தயாராக இருந்த வார்த்தைகள் என்னென்ன என்று டொமினிக்குக்குத் தெரியும். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனான். ஆனால் அவளுக்கு முன்னால் மார்க்கிரட் ஓடி வந்தாள். முகத்தில் கோபமில்லை. அழுகையில்லை. முகம் பூரித்துப் போயிருந்தது.

"அப்பா! நின்னுடுச்சுப்பா!"

"என்னம்மா?"

"உங்க மெஷின்! கோயில் பூரா கேட்டுச்சு. ஃபாதர் ஆரம்ப செபத்துல அப்படியே நிறுத்திட்டுச் சிரிச்சார். அப்புறம் போம்பா மாதிரி வந்துச்சா, பின்னாடி அங்கிள்மாருங்க எல்லாம் அவங்க நிறுத்தி வச்ச காடி எரியுதான்னு பாக்க வெளியே ஓடுனாங்க. எல்லாரும் என்னையே திரும்பிப் பாத்தாங்கப்பா. நான் நன்மை வாங்கறப்பகூட நீங்க நிறுத்தல." இதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே மறுபடி ஏறியது. "அப்புறம் நான் வந்து முட்டி போட்டேன். நான் என்ன கேட்டேன் தெரியுமா?"

புதுநன்மை வாங்கிய கையோடு ஒரு பிள்ளை முதன்முதலாக எதைக் கேட்டாலும் சேசு சாமி இல்லை என்று சொல்லமாட்டார் என்று எல்லா வீட்டிலும் சொல்லித்தான் வளர்க்கிறார்கள். ஒரே ஒரு வரம். அப்புறம் ஆயுசுக்கும் அந்த மாதிரி இன்னொன்று கிடையாது. மார்க்கிரட் சைக்கிள் கேட்கப் போகிறாள் என்றுதான் உர்சுலா நினைத்திருந்தாள்.

"அப்பாவோட மெஷின் நிக்கணும், இனிமே அது சத்தமே போடக்கூடாதுன்னு கேட்டேன். கண்ண மூடிக் கேட்டேன். கண்ணத் தொறக்கறதுக்குள்ள நின்னுடுச்சுப்பா! அம்மாவுக்கும் கேட்டுச்சு. கேளுங்க, அம்மாவைக் கேளுங்க!"

"அது தானா நிக்கலம்மா, நான்தான் சத்தத்த…" டொமினிக் ஆரம்பித்தான்.

உர்சுலாவின் கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. அவள் அவன் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்பில் கம்பி கம்பியாகத் துரு, நெற்றியிலும் ஒரு கோடு, வீங்கிய கண். நாகையா அண்ணன் பூட்டிவிட்டுப் போய்விட்டார் என்று அவன் மெதுவாகச் சொன்னான். அவள் நம்பினாள். பத்து வருடக் கல்யாணத்தில் அவன் சொன்ன சாக்குகளில் அவள் நம்பியது அது ஒன்றுதான்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள் அவன் காதருகே. "இன்னிக்கு மட்டும் இல்ல. எப்பவுமே."

"நாளைக்குப் பாட்டுக்காரர் வர்றார் உர்சுலா. அது இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. சத்தத்த மட்டுந்தான் கொறச்சேன்."

"தெரியுது. பிள்ளை சைக்கிள விட்டுட்டு இதக் கேட்டிருக்கா. என்ன பண்ணப் போறீங்கன்னு நீங்களே பாத்துக்கங்க."

அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பான். வீட்டுக்கு வராதே என்று சொல்லியிருந்தால் படியில் படுத்திருப்பான். அவள் அவன் நெற்றித் துருவைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். திரையில் ஒவ்வொரு குமிழும் வைத்த இடத்தில் அப்படியே நிற்பதை அவன் இங்கிருந்தே மனசுக்குள் பார்த்தான்.

படமெடுக்க வந்தவர் குடும்பம் குடும்பமாக நிறுத்தினார். மார்க்கிரட்டுக்கு ஒரு பக்கம் அம்மா, வலது பக்கம் அப்பா. அவள் வலது கையால் டொமினிக்கின் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே ஆன் பண்ணமாட்டீங்கதானேப்பா?"

"மாட்டேம்மா."

"நீங்க என்னப்பா கேட்டீங்க, உங்க புதுநன்மைக்கு?"

டொமினிக் புதுநன்மை வாங்கியது செந்தூலில், ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கத்துக் கோயிலில். ஆர்கனுக்கு அடுத்த பெஞ்சில் முழங்காலில் நின்றான். மற்ற பையன்கள் பந்தும் மட்டையும் கேட்டார்கள். அவன் அந்த ஆர்கன் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, சத்தம் எப்போதும் என் கையை விட்டுப் போகவே கூடாது சேசுவே என்று கேட்டான்.

"ஞாபகமில்லம்மா" என்றான்.